ஆன்லைன் வகுப்பில் நான் இழந்த ஏழு பேர்

2023 ஜூன் முதல் வாரத்தில் நர்ஸுகளுக்காக நான் தொடங்கிய ஆன்லைன் ஆங்கில வகுப்பில் பதினாறு பேர் சேர்ந்தார்கள். ஜூலையில் ஐந்தாவது வாரம் தொடங்கியபோது ஒன்பது பேர்தான் இருந்தார்கள். போன ஏழு பேரில் நான்கு பேருக்கு முதல் தவணையைத் திருப்பிக் கொடுத்தேன். ஏழு பேரின் இரண்டாம் தவணையும் வராமல் போனது. கூட்டிப் பார்த்தால் 49,500 ரூபாய். அதற்குப் பிறகு மூன்று மாதம் புதிய வகுப்பு தொடங்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்த மூன்று மாதமும் இரவு ஒன்பது மணியானால் நெஞ்சு படபடக்கும். வகுப்பே இல்லை என்று நினைவுபடுத்திக்கொண்ட பிறகுதான் அடங்கும். பாடம் நடத்தத் தெரியும் என்ற தைரியத்தில் இறங்கியவள் நான். ஆட்களைக் கையாளத் தெரியவில்லை. அதுவும் முகம் தெரியாத, குரல் மட்டும் வந்து விழுகிற ஆட்களை. அன்று யாராவது ஒருவர் முன்னாலேயே சொல்லியிருந்தால் இதில் பாதியாவது நடந்திருக்காது என்று இப்போதும் தோன்றுகிறது. அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் திருவட்டாறு பக்கத்தைச் சேர்ந்தவள். ஒரு தனியார் கல்லூரியில் ஒன்பது வருடம் ஆங்கிலம் நடத்தினேன். 2020 ஊரடங்கில் சம்பளத்தைப் பாதியாக்கினார்கள். அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே நர்ஸுகளுக்கு ஆங்கிலப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்ஸ் இல்லாத தெருவைக் கண்டுபிடிப்பது கடினம். நெய்யூரில் 1838-இலேயே மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய மண் இது. என் சொந்தத்திலேயே சவூதிக்கும் குவைத்துக்கும் போய், ஓட்டு வீட்டை வார்ப்பு வீடாக்கி, தம்பி தங்கைகளைக் கரையேற்றிய அக்காமார் மூன்று பேர் இருக்கிறார்கள். 2023-இல் எல்லோருடைய கண்ணும் பிரிட்டன் மேல். அங்கே போக வேண்டுமானால் ஆங்கிலத் தேர்வு தேற வேண்டும். ஓ.இ.டி. என்பது மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள தேர்வு. வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 350, எழுதுவதில் 300 எடுத்தால்தான் அங்குள்ள நர்சிங் கவுன்சில் ஏற்றுக்கொள்ளும். ஒரு முறை எழுதக் கட்டணமே முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. 340 வாங்கி நிற்கிறவருக்கு அந்தப் பத்து மதிப்பெண் எவ்வளவு பெரிய மலை என்று அந்த நிலையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். என் வகுப்புக்கு வருகிறவர்கள் எந்த மனநிலையில் வந்து உட்காருகிறார்கள் என்பது புரிவதற்காக இதைச் சொல்கிறேன். அன்று எனக்கே அது முழுதாகப் புரிந்திருக்கவில்லை.

எட்டு வாரப் பயிற்சி, கட்டணம் 9,000 ரூபாய், இரண்டு தவணை. திங்கள் முதல் வெள்ளி வரை இரவு ஒன்பது மணிக்கு ஜூமில் வகுப்பு. சவூதியில் அப்போது மாலை ஆறரை. வாட்ஸ்அப் குழுவில் "ஒன்பது மணி எல்லோருக்கும் வசதிதானே?" என்று கேட்டேன். வரிசையாகக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அதோடு விட்டுவிட்டேன். யாருக்கு எந்த ஷிப்டு, எங்கே உட்கார்ந்து வகுப்பைக் கேட்கப்போகிறார்கள், இதற்கு முன் தேர்வு எழுதியிருக்கிறார்களா என்று ஒருவரிடமும் தனியாகக் கேட்கவில்லை. வகுப்புக்கு விதிகள் என்று எதையும் சொல்லவும் இல்லை. எல்லோரும் வளர்ந்தவர்கள், உயிரைக் காக்கிற தொழிலில் இருப்பவர்கள், அவர்களிடம் போய்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்வதுபோலச் சொல்வதா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை பெரிது.

முதல் நாளே ஒருவர் கண்ணில் பட்டார். ஜித்தாவில் ஐ.சி.யூ.வில் பத்து வருடமாக வேலை பார்க்கிறவர், குளச்சல் பக்கம் வீடு. ஜித்தாக்காரர் என்றே சொல்கிறேன். தினமும் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் பிந்தித்தான் வருவார். வந்ததும் "டீச்சர், முதலில் நடத்தியதை ஒருமுறை சொல்ல முடியுமா?" என்பார். சொல்லத் தொடங்கினால் மற்றவர்கள் பெருமூச்சு விடுவது மைக்கில் கேட்கும். அது போதாதென்று அடுத்தவர் பேசும்போது குறுக்கே புகுந்து திருத்துவார். பேச்சுத் தேர்வில் இரண்டு ரோல்பிளே உண்டு. ஒரு கார்டு கொடுப்பார்கள், படித்துத் தயாராக மூன்று நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் நோயாளியிடமோ உறவினரிடமோ நர்ஸாகப் பேச வேண்டும். வகுப்பில் நோயாளியாக நான் பேசுவேன். ஒரு பெண் தட்டுத்தடுமாறி இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் இவர் மைக்கைத் திறந்து, "அப்படிக் கேட்கக் கூடாது, வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று முதலில் கேட்க வேண்டும்" என்பார். சொல்வது சரியாகத்தான் இருக்கும், அதுதான் கூடுதல் எரிச்சல். என்னையும் விடவில்லை. "டீச்சர், ஆஸ்பத்திரியில் இப்படிச் சொல்ல மாட்டோம்" என்று வாரத்துக்கு நான்கு முறையாவது சொல்லியிருப்பார். நான் நர்ஸ் இல்லை என்பது எனக்கே உள்ளுக்குள் உறுத்துகிற விஷயம். அவர் ஒவ்வொரு முறையும் அந்தப் புண்ணிலேயே விரலை வைப்பதுபோல இருந்தது.

மற்றவர்களில் பாதிப் பேர் கேமராவைத் திறப்பதே இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வராது. இருக்கிறார்களா, தூங்கிவிட்டார்களா என்று தெரியாது. ஒருவர் பின்னணியில் எப்போதும் டி.வி. ஓடும். இன்னொருவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் செல்போன் கம்பெனியின் பெயர் இருக்கும். கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை, படித்து முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, முதல் வாரம் முழுவதும் ஆசையோடு பேசினாள். இரண்டாவது வாரம் மைக்கைத் திறக்கவே தயங்கினாள். அந்த வாரக் கடைசியில் வராமலே போய்விட்டாள். நைட் டியூட்டி மாறியிருக்கும் என்று நானே முடிவுகட்டினேன். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது ஜித்தாக்காரரைத் தவிர வேறு யாரும் கண்ணில் படவில்லை.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை பொறுமை இழந்து, "உங்களுக்கு எல்லாம் தெரிகிறது, நீங்களே வகுப்பை எடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். குத்தலாகத்தான் சொன்னேன். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். தன் திரையைப் பகிர்ந்து, தான் வைத்திருந்த குறிப்புகளைக் காட்டிப் பன்னிரண்டு நிமிடம் நடத்தினார். நான்கு பேர் சாட்டில் நன்றி சொன்னார்கள். திரைப் பகிர்வை நடத்துகிறவருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம் என்பதைக்கூட நான் அதுவரை பார்த்து வைத்திருக்கவில்லை. குத்தலாகப் பேசுவது எப்போதுமே நம்மைத்தான் திருப்பி அடிக்கும். ஆன்லைனில் இன்னும் மோசம். நம் முகத்தில் இருக்கிற கோபமோ வருத்தமோ தபால்தலை அளவுப் படத்தில் யாருக்கும் தெரியாது. சொல் மட்டும்தான் போய்ச் சேரும்.

வியாழக்கிழமை இரவு நல்ல இடவப்பாதி மழை. எட்டரை மணிக்கு ரப்பர் கிளை ஒடிந்து கம்பியில் விழுந்து மின்சாரம் போனது. இன்வெர்ட்டரில் மோடத்தையும் மடிக்கணினியையும் மட்டும் வைத்துக்கொண்டு, மின்விசிறி இல்லாமல், ஓட்டில் மழை அறைகிற சத்தத்தில் வகுப்பைத் தொடங்கினேன். பக்கத்தில் வைத்த கட்டன் சாயா ஆறிப்போய் மேலே ஏடுபோல ஒரு படலம் கட்டியிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றைய கார்டு இதுதான்: தந்தையின் அறுவைச் சிகிச்சை இரண்டாம் முறையாகத் தள்ளிப்போடப்பட்டதால் கோபத்தில் கத்துகிற மகனைச் சமாதானப்படுத்த வேண்டும். மகனாக நான். நர்ஸாகக் குலசேகரத்து அக்கா ஒருவர். நாற்பத்தைந்து வயது, பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு படிக்க வந்தவர். அவர் மெதுவாக, அழகாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒன்பது முப்பத்தாறுக்கு ஜித்தாக்காரர் உள்ளே வந்தார். பின்னால் வண்டி ஓடுகிற இரைச்சல். வந்த வேகத்திலேயே, "இல்லை டீச்சர், இந்த இடத்தில் டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும்" என்றார். அக்கா பாதியில் நிறுத்திவிட்டார். நான் எதுவும் சொல்லாமல் அவர் மைக்கை அணைத்தேன். அவர் திறந்தார். மறுபடி அணைத்தேன். மறுபடி திறந்தார். பிறகு யாரும் தாங்களாகத் திறக்க முடியாதபடி அமைப்பையே மாற்றி, "இனி நான் அனுமதிக்கிறவர் மட்டும்தான் பேச வேண்டும். ஒருவருக்கு ஒழுக்கம் தெரியாததால் எல்லோருக்கும் தண்டனை" என்றேன். சத்தமாக, எல்லோரும் கேட்க.

சாட்டில் அவர் எழுதியது ஒரே வரி: "நான் நாற்பத்தோரு வயதுக்காரன் டீச்சர், குழந்தை இல்லை." அடுத்த நொடி வெளியேறிவிட்டார். பின்னாலேயே அவர் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த நான்கு பேரும் ஒவ்வொருவராகப் போனார்கள். கட்டங்கள் மறைந்து மறைந்து திரை மறுபடி மறுபடி தன்னை அடுக்கிக்கொண்டது. மீதி இருபது நிமிடம் என்ன நடத்தினேன் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை நால்வரில் மூன்று பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டுச் செய்தி அனுப்பினார்கள். பணம் திருப்பித் தருவதைப் பற்றி நான் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. அதனால் வாதாட வழியில்லை. கேட்டதைக் கொடுத்தேன். ஜித்தாக்காரர் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது.

வெள்ளிக்கிழமை மதியம் குலசேகரத்து அக்கா கூப்பிட்டார். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். "டீச்சர், நேற்று நீங்கள் மகனாக நடித்தீர்களே, அந்த ஆள் வார்டில் கத்தினால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம். பிறகு ஓரமாக அழைத்துக்கொண்டு போவோம். நாலு பேர் முன்னால் வாயை அடைத்தால் அவன் இன்னும் பெரிதாகத்தான் கத்துவான், மக்களே" என்றார். டீச்சர் என்று தொடங்கியவர், எங்கள் ஊரில் சொந்தப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல மக்களே என்று முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தேர்வில் 2018-இலிருந்து ஆங்கிலத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. நோயாளியின் கோணத்தைப் புரிந்துகொண்டாயா, உறவை ஏற்படுத்தினாயா என்பதற்கும் உண்டு. அந்த அளவுகோல்களை நான்தான் மூன்று வாரமாக அவர்களுக்கு நடத்திக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் கத்திய ஒருவரிடம் அதில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை. போனை வைப்பதற்கு முன் அக்கா இன்னொன்றும் கேட்டார்: "கருங்கல் பிள்ளை ஏன் நின்றுவிட்டாள் என்று விசாரித்தீர்களா?"

ஞாயிற்றுக்கிழமை ஜித்தாக்காரரைக் கூப்பிட்டேன். மன்னிப்பிலிருந்து தொடங்கினேன். "அண்ணன், எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியது என் தப்பு" என்றேன். வெகுநேரம் பதிலே இல்லை. பிறகு அவராகவே சொன்னார். அவருக்குக் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை டியூட்டி. எங்கள் ஒன்பது மணி அவருக்கு ஆறரை. அடுத்த ஷிப்டுக்காரரிடம் ஒப்படைப்பு முடித்து ஆஸ்பத்திரி வண்டியில் ஏறியதும் அங்கிருந்தே வகுப்பில் நுழைந்திருக்கிறார். நேரம் சரியில்லை என்று சொன்னால் இடம் போய்விடுமோ என்று பயந்து கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார். அதற்கு முன் இரண்டு முறை தேர்வு எழுதி, இரண்டு முறையும் பேச்சில் 340. வீட்டுக் கடன் இருக்கிறது, மூன்றாவது முறைக்குப் பணம் புரட்டிவிட்டார். "அடுத்தவர் தப்பாகச் சொன்னால் எனக்குப் பதறுகிறது டீச்சர். அந்தத் தப்பு என் காதில் ஒட்டிக்கொண்டு நானும் அதையே சொல்லிவிடுவேனோ என்று பயம்" என்றார். மூன்று வாரமாக நான் திமிர் என்று பெயர் வைத்திருந்தது இதற்குத்தான். சேரும்போதே பத்து நிமிடம் பேசியிருந்தால் இவ்வளவும் எனக்குத் தெரிந்திருக்கும்.

கருங்கல் பிள்ளையின் கதை வேறு. அவள் போனை எடுக்கவில்லை; இரண்டு நாள் கழித்து அவளுடைய அக்காதான் பேசினாள். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் அவளுக்குத் தனிச்செய்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் பேசும் உச்சரிப்பைக் கேலி செய்து, "இந்த வாயை வைத்துக்கொண்டு லண்டன் போகப்போகிறாயா?" என்று. பிறகு போன் நம்பர் கேட்டு. கொடுக்காததால் இன்னும் கேவலமாக. அக்கா அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. செல்போன் கம்பெனியின் பெயரோடு உட்கார்ந்திருந்தானே, அவன்தான். ஒவ்வொரு நாளும் வகுப்பு முடியும்போது கைகூப்பிய படத்தோடு "நன்றி டீச்சர்" என்று முதலில் எழுதுகிறவன். குறுக்கே பேசியதே இல்லை, ஒரு நாளும் பிந்தியதில்லை. ஜூமில் பங்கேற்பாளர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் தனிச்செய்தி வகுப்பு நடத்துகிறவருக்குத் தெரியாது. எனக்கு அது அன்றுதான் தெரியும். சத்தம் போட்ட மனிதரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், சத்தமே போடாத ஒருவன் என் கண்ணெதிரே ஒரு பிள்ளையை விரட்டிவிட்டான்.

அவனிடம் நான் காரணம் விசாரிக்கவில்லை. இதில் நான் தெளிவாக இருக்கிறேன்: களைப்பிலும் பயத்திலும் ஒருவர் தவறாக நடந்தால் ஓரமாக அழைத்துப் பேச வேண்டும்; இன்னொருவரை அவமானப்படுத்துவதிலோ தொந்தரவு செய்வதிலோ இறங்குகிறவரை அன்றே வெளியேற்ற வேண்டும். அவனை நீக்கினேன், பணம் கேட்டான், ஒரு பேச்சும் இல்லாமல் அனுப்பிவிட்டேன். இப்போதாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். புகார் கொடுக்கலாம் என்று அந்தப் பிள்ளையின் அக்காவிடம் சொன்னேன்; தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அது அவர்கள் முடிவு, நான் வற்புறுத்தவில்லை. ஆனால் இப்படி நடந்தால் முதல் வேலை, நாள், நேரம், பெயர் தெரிகிற மாதிரி திரையைப் படமெடுத்து வைப்பது. அழித்துவிட்டு வருந்துகிறவர்கள்தான் அதிகம்.

அந்த மூன்று மாதத்தில் நான் மாற்றியவற்றைச் சொல்கிறேன். இப்போது பணம் வாங்குவதற்கு முன்பே ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் போனில் பேசுகிறேன். என்ன ஷிப்டு, வகுப்பு நேரத்தில் எங்கே இருப்பீர்கள், பக்கத்தில் தூங்குகிறவர் இருப்பாரா, முன்பு எழுதியிருந்தால் எதில் எவ்வளவு, எதை நினைத்தால் பயமாக இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு வருகிற பதில்தான் எனக்கு எட்டு வாரமும் வழிகாட்டுகிறது. பதினாறு பேருக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். நான் இழந்த மூன்று மாதத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்தைக் குழுவில் கேட்பதில்லை. குழுவில் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். இந்தப் பேச்சிலேயே ஷிப்டுகளைக் குறித்துக்கொண்டு, வளைகுடாக்காரர்களுக்கு இரவு பத்தரைக்குத் தனி வகுப்பு வைத்துவிட்டேன்.

விதிகளைக் குரல் பதிவாகத் தமிழில் அனுப்புகிறேன், இரண்டு நிமிடம்தான். எழுதி அனுப்பினால் அதிகாரி உத்தரவு மாதிரி இருக்கிறது. குரலில் சொன்னால் வீட்டு ஆள் சொன்ன மாதிரி இருக்கிறது. அவரவர் பெயரும் ஊரும் திரையில் இருக்க வேண்டும். ஒருவர் ரோல்பிளே பேசும்போது மற்றவர் மைக்கைத் திறக்கக் கூடாது. பிந்தி வந்தால் விட்டதை வகுப்பில் கேட்கக் கூடாது. ஆளுக்கொரு துணை உண்டு, அவரிடம் பிறகு கேட்டுக்கொள்ள வேண்டும். பணம் திருப்புவது பற்றி மட்டும் எழுத்தில் கொடுக்கிறேன்: முதல் வாரத்துக்குள் நின்றால் முழுப் பணம், அதற்குப் பிறகு இல்லை, மற்றவரைத் தொந்தரவு செய்து நீக்கப்பட்டால் எதுவும் இல்லை. இதைப் படித்துவிட்டு ஒருவரும் சேராமல் போனதில்லை.

குறுக்கே பேசுகிறவருக்கு வேலை கொடுப்பதுதான் நான் கற்றுக்கொண்டதில் மிகவும் பயன்பட்டது. ஒவ்வொரு ரோல்பிளேக்கும் ஒருவரைக் கவனிப்பாளராக வைக்கிறேன். காகிதத்தில் நன்றாக இருந்த இரண்டும் மாற்ற வேண்டிய ஒன்றும் குறிக்க வேண்டும். முடிந்த பிறகு இரண்டு நிமிடம் அவருடையது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாதவருக்குச் சொல்ல ஓர் இடம் கிடைக்கிறது, பேசுகிறவருக்கும் பாதியில் அறுபடாது. அப்படியும் புகுந்தால் நான் சொல்வது ஒரே வாக்கியம்: "அண்ணன், நல்ல விஷயம், எழுதி வையுங்கள், இவர் முடித்ததும் உங்களிடம்தான் வருகிறேன்." சொன்னபடி அவரிடம் போக வேண்டும். ஒருமுறை மறந்தாலும் அடுத்த தடவை அவர் நம்ப மாட்டார். "ஆஸ்பத்திரியில் இப்படிச் சொல்ல மாட்டோம்" என்று இப்போதும் யாராவது சொல்கிறார்கள். "எப்படிச் சொல்வீர்கள், சொல்லிக் காட்டுங்கள்" என்று கேட்டுவிடுகிறேன். நான் நர்ஸ் இல்லை என்பதை முதல் நாளே நானே சொல்லிவிடுவதால் அது இப்போது உறுத்துவதில்லை.

தனியாக வகுப்பு நடத்தாதீர்கள். பாடத்தையும் சாட்டையும் கதவையும் ஒருவரே பார்க்க முடியாது. சித்தி மகள் ஒருத்தி என்னோடு இணை நடத்துநராக உட்காருகிறாள், ஒரு வகுப்புக்கு 250 ரூபாய் கொடுக்கிறேன். யார் வருகிறார், யார் நெடுநேரம் வாயே திறக்கவில்லை, சாட்டில் என்ன ஓடுகிறது என்பது அவள் பொறுப்பு. யாராவது சூடானால் நான் நிறுத்துவதில்லை, அவள் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவாள், "டீச்சர் வகுப்பு முடிந்ததும் உங்களைக் கூப்பிடுவார்." பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடுகிறது. அடங்காவிட்டால் அவரை, வகுப்புக்கு வெளியே காக்க வைக்கும் வெயிட்டிங் ரூமுக்கு மாற்றிவிட்டு, மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் எழுதக் கொடுத்துவிட்டு, நான் போனில் பேசுவேன். அதையும் தாண்டினால்தான் நீக்குவது. நாம் அமைப்பை மாற்றி வைக்காதவரை நீக்கப்பட்டவர் அதே வகுப்புக்குள் திரும்ப நுழைய முடியாது. இத்தனை வகுப்பில் அந்தக் கடைசிப் படி இரண்டு முறைதான் தேவைப்பட்டது. சாட் அமைப்பில் தனிச்செய்தியை அடைத்துவிட்டேன். எல்லோருக்கும் எழுதலாம், நடத்துகிறவருக்கு எழுதலாம், அவ்வளவுதான். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிட வேலையை நான் ஜூன் மாதம் செய்யவில்லை.

கேமராவை மூடி வைக்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு அதை மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். பேசிப் பார்த்தபோது ஒருத்தி ஆறு பேர் தங்கும் விடுதி அறையில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு கேட்கிறாள். ஒருத்தி அடுக்களையில் மாமியாருக்குச் சந்தேகம் வராமல் மரச்சீனி அவித்துக்கொண்டே கேட்கிறாள். இவர்களைப் போய் முகத்தைக் காட்டு என்று வற்புறுத்தி என்ன பயன்? கேள்வியைக் கேட்டுவிட்டு, "எல்லோரும் ஒரு வாக்கியம் சாட்டில் எழுதுங்கள், முப்பது நொடி" என்றால் பதினாறும் வந்து விழுகின்றன. பிறகு ஜூமிலேயே இருவர் இருவராகத் தனி அறைக்குப் பிரித்துவிட்டால், பெரிய கூட்டத்தில் ஊமையாக இருந்தவர் அங்கே பேசுகிறார். தூங்கிவிட்டவரை எழுப்பிக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற கால்கள் அவை.

இன்னொரு பாடம் அந்த ஆண்டு நவம்பரில் கிடைத்தது. யாரோ இணைப்பை வேறு குழுவில் பகிர்ந்துவிட, முன்பின் தெரியாத ஒருவன் நுழைந்து திரையில் ஆபாசமாகக் கிறுக்கினான். ஜூமில் பங்கேற்பாளர்களின் எல்லாச் செயல்களையும் ஒரே அழுத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறது. சித்தி மகள் அதை அழுத்திவிட்டாள். கிறுக்கும் அனுமதியை அன்றோடு எல்லோருக்கும் அணைத்துவிட்டேன். பாஸ்கோடு, வெயிட்டிங் ரூம் இரண்டும் இல்லாமல் கதவைத் திறப்பதில்லை.

ஜித்தாக்காரர் அந்த நவம்பர் வகுப்பில் இரவு பத்தரை மணிக்குச் சேர்ந்தார். இரண்டாம் தவணை மட்டும் வாங்கினேன். முதல் நாள் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை குறுக்கே பேசினார், இரண்டு முறையும் "மன்னிக்கவும், எழுதி வைக்கிறேன்" என்று தானே நிறுத்திக்கொண்டார். அடுத்த தேர்வில் பேச்சில் 370 வாங்கினார்.

கருங்கல் பிள்ளை திரும்பி வரவில்லை. காலை ஆறு மணிக்கு, வேறு யாரும் இல்லாமல், பணம் எதுவும் வேண்டாம், நான் தனியாக நடத்துகிறேன் என்று அவள் அக்காவிடம் மூன்று முறை சொல்லியனுப்பினேன். அவள் கட்டிய 4,500 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளவும் மறுக்கிறாள். போன மாதம் அக்கா போனை எடுத்து, அவள் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். பிரசவ வார்டாம், வேலை பிடித்திருக்கிறதாம். இங்கிலீஷ் தேர்வைப் பற்றிக் கேட்டேன். "அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாள், டீச்சர்" என்றாள்.